தனபால் ஜாயின்ட்

போன மாதம் பிரவீனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. நான் வேலை பார்த்த கிண்டி பட்டறையில் இப்போது பிரேக் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். பட்டறையைப் பெருங்குடிப் பக்கம் மாற்றுகிறார்களாம். கிளம்புவதற்கு முன்னால் ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்ற ஆட்கள் ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். "அண்ணே, இறுகிப்போன பிரேக் பைப் நட்டை வீட்டுல வெச்சே எப்படிக் கழட்டறதுன்னு எழுதுங்க. நாங்கல்லாம் இப்ப நேரா பைப்பையே மாத்திடறோம். அப்படியே அந்தத் தனபால் ஜாயின்ட் கதையையும் எழுதுங்க, செம காமெடியா இருக்கும்" என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை மூன்று போட்டிருந்தான்.

வெளியாட்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறையில் பிரேக் ஆயில் கசிகிற மூட்டுக்கு, அதாவது ஜாயின்ட்டுக்கு, தனபால் என்று பேர். "பின்னாடி வீல்ல ஒரு தனபால் இருக்கு சார்" என்பார்கள். "பாத்துப் பூட்டுடா, தனபால் ஆயிடப் போவுது" என்பார்கள். பிரவீன் அந்த மனிதனைப் பார்த்ததில்லை. பிரவீனுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவனும் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். பதினாறு வருஷம் அவனோடுதான் வேலை செய்தேன். அந்தப் பேரை முதன்முதலில் யாரோ சொல்லி எல்லோரும் சிரித்தபோது நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

எழுதுகிறேன் பிரவீன். காமெடி எவ்வளவு தேறும் என்று தெரியவில்லை.

ஐ.டி.ஐ. படித்தது, சிபாரிசு பிடித்து உள்ளே நுழைந்தது, இரண்டு வருஷம் பிரேக் டிரம் கழுவியே கைத்தோல் உரிந்தது எல்லாம் எல்லோருக்கும் உள்ள கதை. அதை விட்டுவிடலாம். என் வேலை என்று நான் நினைப்பது வீட்டு வேலையைத்தான். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் சில வீடுகளில் காரைப் பட்டறைக்கு அனுப்பவே மாட்டார்கள். வக்கீல், டாக்டர், ஜவுளிக்கடை முதலாளி என்று பெரிய கைகள். போர்டிகோவில் வைத்தே பார்த்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் போர்மேன் என்னையும் தனபாலையும் அனுப்புவார். "ஊரான் வீட்டுலதான் வீட்டு வேலை செய்வீங்க" என்று என் மனைவி சரோஜா குத்திக்காட்டுவாள்.

பிரேக் வேலைக்கு ஏன் இரண்டு பேர் என்றால், பைப்பைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்துவிடும். ஒருவன் மேலே உட்கார்ந்து பெடலை அமுக்க, இன்னொருவன் சக்கரத்தருகே படுத்து நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். தனபால் எப்போதும் மேலேதான். அவன் உடம்பு அப்படி. காருக்கு அடியில் அவனை நுழைத்தால் ஜாக்கி இல்லாமலே வண்டி தூக்கிக்கொள்ளும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். "நைனா, நீ ஒல்லி, நீ கீழ போ. ராஜா மாதிரி நான் மேல குந்திக்கிறேன்" என்பான். சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். கூவத்தைத் தாண்டிவிட்டாலே வெளியூர் வந்த மாதிரி அலுத்துக்கொள்வான்.

கீழே படுத்திருப்பவனுக்கு மேலே இருப்பவன் முகம் தெரியாது. குரல் மட்டும்தான்.

"அமுக்கு."

"அமுக்கறேன்."

"பிடி."

"புட்ச்சிக்கினு கீறேன் நைனா."

அந்தப் பதில் வந்த பிறகுதான் நான் நிப்பிளைத் திறப்பேன். நான் மூடிவிட்டு "விடு" என்று சொன்ன பிறகுதான் அவன் காலை எடுப்பான். நடுவில் வீட்டுக்காரரே வந்து கூப்பிட்டாலும், காபி வந்தாலும், காலை எடுக்க மாட்டான். ஒருமுறை தி.நகர் வீடொன்றில் நான் மூடிவிட்டு "விடு" சொல்ல மறந்து, சமையல்காரரோடு பேசப் போய்விட்டேன். பத்து நிமிஷம் கழித்து வந்து பார்த்தால் வியர்த்து விறுவிறுத்து அப்படியே உட்கார்ந்திருக்கிறான். "நீ சொல்லலியே" என்றான். கோபமே இல்லை.

எங்கள் போர்மேன் வரதன் சார் மயிலாப்பூர்க்காரர். நெற்றியில் ஒற்றைத் திருமண் கோடு. சின்ன வயசு ஆளையும் வாங்கோ போங்கோ என்றுதான் பேசுவார். திட்டும்போது இன்னும் மரியாதை கூடும், அதுதான் பயம். சட்டைப் பையில் மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருக்கும். நாம் பூட்டிய மூட்டை அதால் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். இறுகிய நட்டுக்கு அவர் வைத்திருந்த முறையைத்தான் நீ கேட்கிறாய், பிரவீன். சொல்கிறேன்.

முதலில் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டிச் சுத்தம் செய். துரு இளக்குகிற எண்ணெயை நட்டின் பின்பக்கம், பைப் உள்ளே நுழைகிற இடத்தில் விடு. மேலாக விட்டால் தரைதான் நனையும். பிறகு எழுந்து போய்விடு. இதுதான் கஷ்டமான பகுதி. "எண்ணெய் விட்டாச்சோன்னோ? இப்ப கையை எடுத்துண்டு வெளியிலே வாங்கோ. நட்டோட மல்லுக்கு நிக்காதேள்" என்பார் வரதன் சார். ஒரு மணி நேரம், முடிந்தால் ஒரு ராத்திரி. திரும்பி வந்து சின்னச் சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டு. சாதா ஸ்பேனரைக் கிட்டே கொண்டுவராதே, அது இரண்டு பக்கம்தான் பிடிக்கும், மூலையைத் தின்றுவிடும். பைப் நுழைய ஒரு பக்கம் வாய் வெட்டிய ரிங் ஸ்பேனர் இருக்கிறதே, அதுதான். கழற்றும் பக்கம் திருப்புவதற்கு முன் ஒரு மயிரிழை இறுக்கு. 'டக்' என்று விட்டுக்கொடுக்கும். பிறகு முன்னும் பின்னுமாக, எண்ணெய் விட்டு விட்டுத் திருப்பு. நட்டோடு சேர்ந்து பைப்பும் திரும்புகிறதா? நிறுத்து. அந்த இடத்தில் நிறுத்தத் தெரிந்தவன்தான் மெக்கானிக். நிறுத்தியும் வராவிட்டால் பைப்பை வெட்டிவிட்டுப் புதுசு போடு. அதில் வெட்கமில்லை.

எல்லாம் பூட்டிக் காற்று எடுத்த பிறகு கடைசியாக ஒன்று உண்டு. செய்தித்தாளை நாலாக மடித்து மூட்டுக்கு நேர் கீழே வைக்க வேண்டும். மேலே இருப்பவன் முழு பலத்தோடு பெடலை அமுக்கி இரண்டு நிமிஷம் பிடிக்க வேண்டும். பேப்பர் காய்ந்திருந்தால் வேலை முடிந்தது. ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளி வேலைக்கு வரதன் சார் வர முடியாது, அதனால் வெள்ளைத் துணிக்குப் பதில் இந்தப் பேப்பர்.

இனி நான் சொல்ல வேண்டியது.

லஸ் பக்கம் ஒரு டாக்டரம்மா வீடு. பிரசவ டாக்டர். காரின் பின்சக்கர பிரேக் சிலிண்டர் ஒழுகுகிறது, மாற்ற வேண்டும். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. சரோஜாவும் இரண்டு பிள்ளைகளும் நாலு மணிக்கு தி.நகர் பஸ் நிலையத்தில் எனக்காக நிற்பார்கள், துணி எடுக்கப் போக வேண்டும். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் தனியாக நிற்கிறாள் என்ற நினைப்பே என்னை விரட்டியது.

நட்டு கல்லாக இறுகியிருந்தது. பையைத் துழாவினால் வாய் வெட்டிய ஸ்பேனர் இல்லை. காலையில் யாரோ வாங்கியது திரும்பி வரவில்லை.

"நான் பஸ் புட்ச்சி கிண்டிக்குப் போயி எடுத்தாறேன் நைனா. ஒரு மணி நேரத்துல வந்துர்றேன். அதுவரிக்கும் எண்ண ஊறட்டும்" என்றான் தனபால்.

"ஒண்ணும் வேணாம். எத்தனை நட்டு பாத்திருக்கேன்."

பத்து நிமிஷம்கூட ஊற விடவில்லை. சாதா ஸ்பேனரைப் போட்டேன். வழுக்கியது, ஒரு மூலை போயிற்று. மறுபடி போட்டேன், இன்னொரு மூலை. அப்புறம் கிரிப் பிளையரால் கவ்விப் பிடித்துத் திருப்பினேன். நட்டு திரும்பியது. கூடவே பைப்பும் துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டு திரும்பியது. நிறுத்தவில்லை. கழற்றிய பிறகு பைப்பைக் கையாலேயே நீவி நேராக்கினேன். புது பைப்புக்கு ஸ்டோர் திங்கட்கிழமைதான் திறக்கும். "ரெண்டு நாள் வண்டியை எடுக்காதீங்கம்மா" என்று டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போயிருப்பார். நான் சொல்லவில்லை. அதே பைப், அதே மழுங்கிய நட்டு. பூட்டிக் காற்று எடுத்துவிட்டுப் பேப்பரை வைத்தேன்.

"பிடி."

"புட்ச்சிக்கினு கீறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "நைனா, கால் எறங்குது. மெதுவா, ஆனா எறங்குது."

"காத்து மிச்சம் இருக்கும். ஓடினா சரியாயிடும்."

"பேப்பர் பாத்தியா?"

பார்த்தேன். மூட்டுக்கு நேர் கீழே கடுகளவு ஈரம். நான் பார்க்கும்போதே அது மிளகளவு ஆனது.

"காஞ்சு இருக்கு" என்றேன். "விடு."

காலை எடுத்துவிட்டான். நான் சொன்னால் அவனுக்குப் போதும். அந்தப் பேப்பரைக் கசக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். தி.நகர் ஜவுளிக்கடையில் கைக்குட்டையை எடுக்கும்போது அதுவும் கூடவே வந்து கீழே விழுந்தது. காலால் தள்ளிவிட்டு, பிள்ளைகளுக்கு எடுத்த கையோடு தனபாலுக்கும் ஒரு நீலச் சட்டை எடுத்தேன். கடையில் இருந்ததிலேயே பெரிய அளவு. வருஷாவருஷம் ஒருவருக்கொருவர் எடுத்துக்கொள்வது வழக்கம்.

திங்கட்கிழமை காலை அடையாறு பாலத்துச் சரிவில் இறங்கும்போது அந்த பைப் பிளந்துவிட்டது. பெடல் தரைக்குப் போயிற்று. டிரைவர் கெட்டிக்காரர், ஹேண்ட் பிரேக்கை இழுத்து வண்டியை நடைபாதையில் ஏற்றி நிறுத்திவிட்டார். பின்னால் இருந்த டாக்டரம்மா முன் சீட்டில் மோதி இடது மணிக்கட்டு உடைந்தது. மூன்று மாதம் அவரால் ஒரு பிரசவம் பார்க்க முடியவில்லை. தெருவில் வேறு யாருக்கும் அடியில்லை. அதை நினைத்து இன்றைக்கும் கை கூப்புகிறேன்.

வரதன் சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் பைப்பை வைத்திருந்தார். மழுங்கிய நட்டில் பிளையரின் பல் தடம் தெரிந்தது.

"இதைப் பூட்டினது யாரு?"

தனபால் என்னைப் பார்த்தான். உதவி போர்மேன் பதவிக்கு என் பேர் போயிருந்த சமயம். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"ரெண்டாவது தரம் கேக்கறேன். யாரு?"

தனபால் மறுபடி என்னைப் பார்த்தான். என் கண் காலண்டரிலேயே நின்றது.

மூன்றாவது முறை அவர் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் சார்" என்றான் தனபால்.

"நீங்களா? நீங்க வண்டிக்கு அடியிலே போனேளா?"

"போனேன் சார்."

அவன் போயிருக்க முடியாது என்று அந்தப் பட்டறையின் பூனைக்குக்கூடத் தெரியும். வரதன் சார் அவனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ரொம்ப நேரம். பிறகு பேனாவைத் திறந்து எழுதினார். அந்த வாரமே தனபாலை அனுப்பிவிட்டார்கள். அதுவரை என்னை ராமு என்று கூப்பிட்ட வரதன் சார், அப்புறம் தான் ஓய்வு பெறும் நாள்வரை ராமலிங்கம் என்றுதான் கூப்பிட்டார். மரியாதையில் ஒரு குறைச்சலும் இல்லை.

நீலச் சட்டை பீரோவிலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டைக்குப் போக ஒரு நாள் போதும், எனக்கு இருபத்தைந்து வருஷம் போதவில்லை. உதவி போர்மேன் ஆனேன், போர்மேனும் ஆனேன். எத்தனையோ பேர் எனக்காகப் பெடல் அமுக்கினார்கள். "ஓகே சார்" என்பார்கள். எனக்கு அது காதிலேயே ஏறாது. கீழே படுத்தபடி இன்னொரு பதிலுக்காக ஒரு நொடி காத்திருப்பேன். வராது என்று தெரியும், இருந்தும் காத்திருப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெண்டாட்டி ஊருக்குப் போனபோதுகூட நான் அப்படி ஏங்கியதில்லை. அந்த நேரத்தில் யாராவது "சார், இங்க ஒரு தனபால்" என்று கத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள். அப்படிச் சொல்லாதே என்று போர்மேனாக நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சார் என்று கேட்பார்களே.

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் கீழே என் பழைய கார் நிற்கிறது. பிரவீனின் செய்தி வந்த வாரம்தான் அதன் இடது பின்சக்கரத்தில் வேலை வந்தது. சிலிண்டர் ஒழுகல், இறுகிய நட்டு. அதே வேலை! எனக்குச் சிரிப்புதான் வந்தது. மூன்று நாள் காலையும் மாலையும் எண்ணெய் விட்டேன். சரோஜா "அந்த நட்டுக்கு ஊத்தற எண்ணையில வடை சுட்டிருக்கலாம்" என்றாள். நாலாம் நாள் ஒரு மயிரிழை இறுக்கினேன். 'டக்' என்றது. மூலை மழுங்காமல், பைப் முறுக்காமல் சுத்தமாகக் கழன்று வந்தது. தரையில் உட்கார்ந்து அந்த நட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதேன். இவ்வளவுதானே அன்றைக்கும் வேண்டியிருந்தது.

காற்று எடுக்க ஆள் வேண்டும். சரோஜாவுக்கு முழங்கால் வலி. தனி ஆளே செய்துகொள்ள ஒரு பம்ப் ஆன்லைனில் கிடைக்கிறது என்றான் மகன். நான் நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தனபால் சிந்தாதிரிப்பேட்டையில் வீட்டு வாசலிலேயே மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்கிறான். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பாதி உடம்பு ஆகியிருந்தான். சர்க்கரை. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"இன்னா நைனா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றான். நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "பெடல் கால் பூட்ச்சு. இன்னா விசயமா வந்த?" என்றான்.

பெடல் அமுக்கத்தான் கூப்பிட வந்தேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான், குலுங்க வயிறு இல்லை என்றாலும். சட்டையைப் போட்டுப் பார்த்து, "இதுல ரெண்டு தனபால் பூரலாம்" என்றான். கழற்றவில்லை. ஆட்டோவில் என்னோடு மந்தைவெளிக்கு வந்தான்.

"நீ மேல குந்து. இப்பத்தான் நான் ஒல்லி ஆய்ட்டனே" என்று சக்கரத்தருகே பலகை போட்டு உட்கார்ந்தான். வாழ்நாளில் முதல்முறையாக நான் அவன் இடத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து ஸ்டியரிங் தெரிகிறது, எதிர்ச் சுவர் தெரிகிறது. கீழே இருப்பவன் செய்வது ஒன்றுமே தெரியவில்லை.

"அமுக்கு நைனா."

"அமுக்கறேன்."

"புடி."

"பிடிச்சிருக்கேன்." கால் இறங்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னேன், "தனபால், அன்னிக்குப் பேப்பர் நனைஞ்சிருந்தது."

"எனக்குத் தெரியாதா? பதினாறு வருசம் கால் வெச்சவன்."

"அப்புறம் ஏன் நீ..."

"நீ சொல்லுவன்னு ரெண்டு தபா உன் மூஞ்சியப் பாத்தேன். மூணாவது தபா பாக்க எனக்கே கூச்சமா பூட்ச்சு." கீழே பேப்பரை உருவுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பேப்பர் காஞ்சு கீது. உடு" என்றான்.

காலை எடுத்தேன். இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை.

அவனை அந்தக் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது கேட்டான், "பட்றைல என்னிய யாராச்சும் நெனப்பு வெச்சிக்கினு கீறாங்களா நைனா?"

"தினமும் உன் பேரைச் சொல்றாங்க" என்றேன்.

அவன் முகம் மலர்ந்ததை என்னால் தாங்க முடியவில்லை. "மெய்யாலுமா?" என்று இரண்டு முறை கேட்டான்.

பிரவீன், அந்த மூட்டைப் பூட்டியவன் நான். மலர் வந்ததும் ஒரு பிரதியோடு சிந்தாதிரிப்பேட்டைக்குப் போவேன். சின்ன எழுத்து அவன் கண்ணுக்குப் பிடிபடாது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அதற்குள் நீங்கள் எல்லோரும் எனக்கு ஒரு காரியம் செய்ய வேண்டும். இனிமேல் கசிகிற மூட்டை ராமலிங்கம் என்று கூப்பிடுங்கள். பேர் கொஞ்சம் நீளம், நாலு நாளில் வாய்க்குப் பழகிவிடும். பேப்பர் காய்ந்து வந்தால் மட்டும் தனபால் என்று சொல்லுங்கள். தினமும் சொல்லுங்கள். சொல்வதாக அவனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.